பேக்கேஜைக் கூட்டாதீர்கள், ஒயரைத் தேடுங்கள்

வளைகுடாவில் குடும்பத்தோடு வாழும் தமிழர் வீடுகளில் நெட் மெதுவானால் கிடைக்கும் முதல் ஆலோசனை, "பேக்கேஜை ஏத்துங்க." ஏற்றியும் சரிப்படாவிட்டால், மூன்று வெள்ளை டப்பாக்கள் கொண்ட வைஃபை மெஷ் செட். அதற்கும் மசியாவிட்டால், "இந்த பில்டிங்கே அப்படித்தான்." ஷார்ஜா ரோலாவில் கேட்டாலும் துபாய் கராமாவில் கேட்டாலும் மஸ்கட் ரூவியில் கேட்டாலும் இதே மூன்று படிகள், இதே வரிசை. வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு நடக்கும் பேச்சில் இதை மறுத்துச் சொல்பவரைப் பழைய காலத்து ஆள் என்று பார்க்கிறார்கள்.

இந்த ஆலோசனைக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரை இணைப்பது போன தலைமுறை வேலை, இனி எல்லாம் வைஃபைதான் என்பது ஒன்று. அப்படியே ஒயர் இருந்தாலும் ஒரு ஒயருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான், இரண்டாவதை மாட்டினால் வேகம் பாதியாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது மட்டுமல்ல, இரண்டுமே மாதாமாதம் நம் பையில் கை விடுகின்றன. ஆகவே இதை எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஜூம் கூட்டத்தில் 1080பி தரத்தில் முகம் தெரிய ஒரு திசைக்கு நொடிக்கு 4 மெகாபிட்டுக்குள் போதும். 4கே தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். இரண்டு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங், ஹால் டிவியில் 4கே படம் என நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 30 மெகாபிட்டைத் தொடாது. அமீரகத்தில் இன்று வீட்டு ஃபைபர் பேக்கேஜ்கள் தொடங்குவதே சில நூறு மெகாபிட்டில். முப்பது கேட்கும் வீட்டுக்கு அதுபோல் பல மடங்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. பற்றவில்லை, இன்னும் வாங்குங்கள் என்கிறார்கள். மேல் பேக்கேஜுக்கு மாதம் 100 திர்ஹாம் கூடுதல், ஒப்பந்தம் 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் 2,400 திர்ஹாம். ஊருக்கு ஒருவர் போய்வரும் விமான டிக்கெட் அதில் அடங்கும்.

வாசல்வரை வரும் லைனைக் குறை சொல்ல வளைகுடாவில், குறிப்பாக அமீரகத்தில், நியாயமே இல்லை. வீடுவரை ஃபைபர் இழை கொண்டுவந்த நாடுகளின் உலகப் பட்டியலில் அமீரகம் பல ஆண்டுகளாக உச்சியில் நிற்கிறது. எதிசலாத், டூ நிறுவனங்கள் இழைக்கு வஞ்சனை செய்யவில்லை. அந்த இழை வந்து முடியும் இடத்துக்கும் பிள்ளையின் மேசைக்கும் நடுவே இருக்கும் பத்துப் பதினைந்து மீட்டரில்தான் வேகம் சாகிறது. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். கம்பெனி கொடுத்த பாக்ஸின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை லேப்டாப்பில் மாட்டி வேகம் பாருங்கள். பிறகு அதே லேப்டாப்பைக் கடைசி பெட்ரூமுக்குக் கொண்டுபோய் வைஃபையில் பாருங்கள். முதல் இடத்தில் ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணும், இரண்டாவது இடத்தில் அதில் ஒரு துண்டும் வந்தால், பேக்கேஜைக் கூட்டி என்ன பயன்? பெட்ரூமில் அந்தத் துண்டு துண்டாகவேதான் இருக்கும்.

வைஃபை ஏன் இப்படிச் சோர்கிறது என்பதற்கு ஒரே மைக் உள்ள பட்டிமன்றத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் காத்திருக்க வேண்டும். போன், டேப்லெட், டிவி, லேப்டாப், காமிரா எல்லாம் அந்த ஒரே மைக்குக்கு வரிசையில் நிற்கின்றன. தூரத்தில் நின்று மெல்லப் பேசுபவர் அதிக நேரம் மைக்கைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் வேகமான சாதனமும் அவர் முடிக்கும்வரை சும்மா நிற்கும். இதைவிடப் பெரிய கொடுமை, அடுத்த ஃபிளாட்டின் பட்டிமன்றமும் அதே மைக்கில்தான் நடக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அல் நஹ்தாவிலோ அல் குசைஸிலோ ஒரு தளத்தில் எத்தனை ஃபிளாட், மேலும் கீழும் எத்தனை தளம் என்று எண்ணிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம் உண்டு, ஆனால் அது சுவருக்குச் சீக்கிரம் தோற்றுப்போகும். நம் கட்டடங்களோ கம்பி கட்டிய கான்கிரீட். வைஃபை 6 வந்த பிறகு ஒரே நேரத்தில் சிலரைப் பேசவைக்கும் வித்தை கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் பழைய ரவுட்டரை மாற்றாதவரை, அந்த வித்தையால் நமக்கு வரும் லாபம் பாதிதான்.

ஒயர் பழசு, வைஃபை புதுசு என்பவர்கள் வரலாற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து தரவு அனுப்பும் வித்தை முதலில் காற்றில்தான் பிறந்தது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழு தீவுகளை வானொலி வழியே இணைத்து அலோஹாநெட் என்ற வலையை இயக்கியது. ஆளாளுக்கு நினைத்த நேரத்தில் அனுப்பலாம், மோதினால் திரும்ப அனுப்பலாம் என்பது ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பார்த்ததில், அப்படிப்பட்ட வலையில் நல்ல நாளிலும் மொத்தத் திறனில் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று தெரிந்தது. அந்த யோசனையை எடுத்து, செம்மைப்படுத்தி, காற்றிலிருந்து கேபிளுக்கு மாற்றியவர்தான் ராபர்ட் மெட்காஃப். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது ஈதர்நெட். இன்று நம் சுவரில் இருக்கும் லேன் சாக்கெட் அதன் வாரிசு. காற்றில் மோதிக்கொண்டதால்தான் ஒயருக்கு வந்தார்கள்.

ஆரம்ப ஈதர்நெட்டும் ஒரே கேபிளைப் பலர் பகிர்ந்ததால் மோதல் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து 'ஹப்' என்ற பெட்டி ஒரு போர்ட்டில் வந்ததை எல்லா போர்ட்டுக்கும் திருப்பிக் கத்தும். நான்கு கம்ப்யூட்டர் மாட்டினால் 10 மெகாபிட்டை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். "இன்னொன்றை மாட்டினால் வேகம் பிரிந்துவிடும்" என்ற பேச்சு அந்த ஹப் காலத்துப் பேச்சு. அப்போது அது சரியாக இருந்தது. பிறகு 1990இல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சைக் கொண்டுவந்தது. யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்டி. நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதைத் தொடங்கிய வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரை வைத்திருந்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. இன்று நூறு திர்ஹாமுக்குள் கிடைக்கும் ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் அந்தக் கல்பனாவின் பேத்தி. அதில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரு திசையிலும் 1,000 மெகாபிட் தனித்தனியாக உண்டு. ஸ்விட்சிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஒரே ஒயரை மட்டும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த ஒயரின் கொள்ளளவு 1,000 மெகாபிட், வீட்டுத் தேவை 30. இதில் எங்கே பாதியாகிறது?

ஒரு லைனில் ஒரு கம்ப்யூட்டர்தான் என்று சாதிக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஊரில் பிரவுசிங் சென்டருக்குப் போகாமல் வளைகுடாவுக்கு வந்தவர் யார்? சிஃபி ஐவேயிலோ, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் பிளைவுட் தடுப்புக்குள்ளோ உட்கார்ந்துதானே பயோடேட்டா அனுப்பினோம், விசா காப்பியைப் பிரிண்ட் எடுத்தோம்? அங்கே எட்டு கம்ப்யூட்டர் ஓடியது எட்டு லைனிலா? ஒரே லைன், மூலையில் ஒரு சர்வர் அல்லது ரவுட்டர், ஒரு ஸ்விட்ச், நீல நிற கேபிள்கள். அந்த லைன் இன்றைய வீட்டு ஃபைபரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதிலேயே எட்டு பேர் மெயில் பார்த்தோம்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியுலகுக்கு வீட்டுக்கு ஒரு முகவரிதான். வீட்டுக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரவுட்டர் தனியாக ஓர் உள்முகவரி கொடுக்கிறது; 192.168 என்று தொடங்குமே, அது. எந்தக் கேள்வி எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து போனது என்று ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. இந்த முகவரி மாற்று முறை 1994இல் எழுதப்பட்டது. உள்முகவரிகள் 1996இல் உலகம் முழுவதற்கும் வரையறுக்கப்பட்டன. கம்பெனி கொடுக்கும் பாக்ஸ் இதையெல்லாம் தானே செய்கிறது. ஆக, கம்ப்யூட்டருக்கு ஒரு கனெக்‌ஷன் என்பது முப்பது வருடத்துக்கு முன்பே காலாவதியான கதை.

ஆனாலும் அந்தக் கதை இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை மதிக்க வேண்டும். வெறும் மோடமாக மட்டும் வேலை செய்த பழைய டிஎஸ்எல் பெட்டிகளில் ரவுட்டர் இல்லாமல் நேராக ஸ்விட்சை மாட்டினால், முதலில் கேட்ட கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்கும், மற்றது பட்டினி. அதைப் பார்த்தவர் "ஸ்விட்ச் போட்டா வேலை செய்யாது" என்று முடிவு கட்டினார். இன்னொருவர் கடையில் ஸ்பிளிட்டர் வாங்கினார். ஒரு பக்கம் ஒரு ஓட்டை, மறுபக்கம் இரண்டு ஓட்டை, கரண்ட் தேவையில்லாத சின்ன பிளாஸ்டிக் துண்டு. அது ஸ்விட்ச் இல்லை. கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். மறுமுனையிலும் அதே துண்டு இருந்தால் மட்டுமே வேலை செய்யும். செய்தாலும் ஒவ்வொன்றுக்கும் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. ஒன்றை மட்டும் வாங்கி மாட்டி, ஒரு கம்ப்யூட்டர் ஓடி மற்றது நின்றுபோனதைக் கண்டவர் நம்பிக்கையை எப்படிக் குறை சொல்வது? கண்ணால் பார்த்தாரே! துபாய் காலித் பின் அல் வலீத் சாலைக் கம்ப்யூட்டர் கடைகளில் ஸ்பிளிட்டரும் ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. கரண்ட் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்விட்ச்.

மூன்றாவது கூட்டம் பழைய ரவுட்டரை ஸ்விட்சாக மாட்டியவர்கள். பாக்ஸும் முகவரி கொடுக்கிறது, பழைய ரவுட்டரும் முகவரி கொடுக்கிறது, இரண்டின் சொந்த முகவரியும் 192.168.1.1. வீடு முழுக்க நெட் நின்றுபோனது. பழி ஒயருக்கு.

ஒயர் வேண்டாம் என்ற நம்பிக்கைக்குச் சோதனை வந்த நேரம் 2020 மார்ச். கொரோனாவால் அமீரகத்தில் மார்ச் 8 முதல் பள்ளிகள் மூடின. மார்ச் 22இல் தொலைவழிக் கல்வி தொடங்கியது. அதுவரை அடைத்துவைத்திருந்த டீம்ஸ், ஜூம் போன்றவற்றுக்கு வழி திறந்தார்கள். ஒரு லேப்டாப், நான்கு போன் என்றிருந்த வீட்டுக்குள் ஒரே வாரத்தில் மூன்று நான்கு கம்ப்யூட்டர்கள் நுழைந்தன. ஒரு பிள்ளையின் ஆசிரியர் உறைந்துபோகிறார், அடுத்த பிள்ளை வகுப்பிலிருந்து தூக்கி எறியப்படுகிறது, அப்பாவின் மேனேஜர் "யூ ஆர் பிரேக்கிங்" என்கிறார். எத்தனை குடும்பங்கள் அந்த மாதம் பேக்கேஜை ஏற்றின! நான் பார்த்த வீடுகளில் பாக்ஸ் இருந்த இடத்தைக் கேட்டால் சிரிப்புதான் வரும். வாசலுக்குப் பக்கத்தில், சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள். மூடி போட்ட இரும்புப் பெட்டிக்குள் வானொலி அலை பரப்பும் கருவியை வைத்துவிட்டு, பெட்ரூமில் சிக்னல் இல்லையே என்று கம்பெனிக்குப் போன் போடுகிறோம்.

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே தீர்வும் கிடக்கிறது. அமீரகத்தில் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் எழுந்த பெரும்பாலான கட்டடங்களில் கட்டும்போதே ஒவ்வொரு அறைக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்து, சுவரில் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்குப் பின்னால், டிவி மேசைக்குப் பக்கத்தில், சில வீடுகளில் சமையலறையில்கூட. அந்தக் கேபிள்களின் மறுமுனை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து நிற்கிறது. பாக்ஸின் போர்ட்டில் மாட்டாமல் சும்மா தொங்குகிறது. வாடகையில் அந்தக் கேபிளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். சாக்கெட்டில் செருகிப் பார்த்து, வேலை செய்யவில்லை, செத்த சாக்கெட் என்று அலமாரியை இழுத்து மூடிவிடுகிறோம். சாக்கெட் சாகவில்லை. அதன் மறுமுனையை யாரும் செருகவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவே. பெட்டிக்குள் எந்தக் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எண் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் தெரியும். வேண்டிய அறையின் கேபிளைப் பாக்ஸின் லேன் போர்ட்டில் மாட்டுங்கள். அறையில் சாக்கெட்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்சிலிருந்து கம்ப்யூட்டர்களுக்கு. அமைப்பு எதுவும் மாற்ற வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். டிவி பெட்டிக்கென்று கம்பெனி ஒதுக்கிய போர்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். டிவி நின்றுபோனால் வீட்டில் உங்கள் பேச்சு அதன்பின் எடுபடாது. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் தவறி மாட்டிவிடவும் கூடாது. தரவு வட்டமடித்து வீட்டு நெட் மொத்தமும் முடங்கும். கவனிக்க வேண்டியவை இந்த இரண்டுதான்.

பழைய கட்டடம், ஒரே கேபிளை டெலிபோனுக்கும் நெட்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள் என்றால் அந்தச் சாக்கெட்டில் 100 மெகாபிட்தான் வரும். வரட்டுமே. தேவை 30 என்பதை மேலே பார்த்தோம்.

இனி எதிர்வாதங்கள். "லேப்டாப்பில் லேன் ஓட்டையே இல்லை" என்கிறார்கள். யூஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். பேக்கேஜின் ஒரு மாதக் கூடுதல் கட்டணத்தைவிட மலிவு. "போனுக்கு ஒயர் போட முடியுமா?" முடியாது, போடவும் வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டர், பிள்ளைகளின் கம்ப்யூட்டர், டிவி, விளையாட்டுப் பெட்டி ஆகிய நான்கு பெருந்தீனிக்காரர்களை ஒயருக்கு மாற்றினால், காற்றில் போன்கள் மட்டும் மிஞ்சும். வைஃபை அன்றைக்குத்தான் நன்றாக ஓடத் தொடங்கும். வைஃபைக்கு நான் எதிரி என்று யாராவது நினைத்தால், அதைக் காப்பாற்றும் வழி இதுதான் என்றே சொல்வேன்.

"மெஷ் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே" என்பது கொஞ்சம் கனமான வாதம். மெஷ் நல்ல சாதனம். ஆனால் அதன் இரண்டாவது டப்பா முதல் டப்பாவிடமிருந்து தரவை எப்படி வாங்குகிறது? காற்றில்தான். அதே கான்கிரீட்டைத் தாண்டித்தான். மலிவான ரிப்பீட்டரில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே சேனலில் நடப்பதால் வேகம் பாதியாகிறது. மூன்றாவது அலைவரிசை வைத்த விலையுயர்ந்த மெஷ்ஷில் அந்த இழப்பு குறைகிறது. சுவர் அப்படியே இருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், லேன் போர்ட் இருக்கும். டப்பாக்களுக்கு நடுவே ஒயர் போடுங்கள், அதுவே சிறந்தது என்று மெஷ் விற்பவர்களே கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒயர் வேண்டாம் என்று மெஷ் வாங்கியவர் மட்டும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. சாக்கெட்டில் உயிர் வந்துவிட்டால், அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரே பெட்ரூமுக்குப் போதுமான வைஃபை தரும். அதன் முகவரியை மாற்றி, முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்கு மாட்ட வேண்டும்.

"நாங்கள் இருப்பது குவைத்தில், சவூதியில், இங்கே 5ஜி ரவுட்டர்தான்" என்றால் வாதம் இன்னும் வலுப்படுகிறது. 5ஜி ரவுட்டர் கோபுரத்தைப் பார்க்கும் ஜன்னலோரத்தில் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கும் அறை வீட்டின் மறுகோடி. ஜன்னலில் வாங்கிய சிக்னலைக் கான்கிரீட்டுக்குள் திரும்பக் காற்றில் தள்ளினால் இரண்டு முறை நஷ்டம். அந்த ரவுட்டர்களிலும் லேன் போர்ட் இருக்கிறது. ஸ்கர்ட்டிங் ஓரமாகத் தட்டைக் கேபிள் ஒன்று ஓட்டினால், ஒரு ஆணிகூட அடிக்காமல் மறுகோடிக்குப் போய்ச்சேரும். ஹவுஸ் ஓனர் கோபிக்க ஒன்றுமில்லை. வீடு மாறும்போது ஸ்விட்சும் கேபிளும் கார்ட்டனில் நம்மோடு வரும்.

எல்லாம் வயர்லெஸ் காலம் என்று பேசுபவர்கள் 2008ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஜனவரி 30ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே கடலுக்கடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இரண்டு நாள் கழித்துத் துபாய்க்கு 56 கிலோமீட்டர் தள்ளி ஃபால்கன் கேபிள் அறுந்தது. வளைகுடாவிலும் இந்தியாவிலும் நெட் நொண்டியது. 2025 செப்டம்பரில் ஜெத்தாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோதும் அமீரகத்தில் அதையே பார்த்தோம். ஊருக்குப் பேசும் வீடியோ கால் போனிலிருந்து கோபுரம்வரைதான் காற்றில் போகிறது, பிறகு மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் இழையில் பயணம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒயரில் வந்ததைக் கடைசிப் பத்து மீட்டரில் காற்றில் விட்டுவிட்டு, உலகமே வயர்லெஸ் ஆகிவிட்டது என்று நம்புகிறோம்.

இங்கே ஓர் எல்லையும் சொல்லியாக வேண்டும். ஒரு லைனில் பல கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது ஒரு வீட்டுக்குள். பெட் ஸ்பேஸ் அறைகளில் ஒருவர் பெயரில் கனெக்‌ஷன் எடுத்து, பக்கத்து ஃபிளாட்டுகளுக்குக் கேபிள் இழுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் பழக்கம் உண்டு. அது வேறு. அமீரகத்தின் 2003ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அப்படிச் சேவை நடத்துவது குற்றம். வசூலித்ததற்கு மட்டுமல்ல, அந்த லைனில் யாரோ செய்த தவறுக்கும் பெயர் கொடுத்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டடக் காவலாளி நாத்தூரிடம் சொல்லி மொட்டைமாடி வழியாக ஒயர் இறக்க நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

பேக்கேஜைக் கூட்டவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து பெரிய வீடியோ கோப்புகளை ஏற்றும் தொழில் செய்பவருக்கு அதிக வேகம் தேவைதான். அவருக்கு மேல் பேக்கேஜ் கட்டாயம் வேண்டும், ஒயரும் கட்டாயம் வேண்டும். வைஃபையில் அந்த வேகத்தை அவர் முழுதாகத் தொடுவது கடினம். மற்ற நமக்கெல்லாம், கால் சென்டரிலிருந்து "சார், அப்கிரேட் பண்ணலாமா" என்று கேட்கும் குரலுக்கு முன்பு கேபிள் மாட்டி எடுத்த எண் கையில் இருக்க வேண்டும்.

இந்த நம்பிக்கை செய்யும் பெரிய சேதம் வளைகுடாவில்கூட இல்லை, ஊரில். இங்கே சம்பாதித்து ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் நாகர்கோவிலிலும் வீடு கட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் பிளான் வருகிறது. ரூமுக்கு ரூம் ஏசி பாயிண்ட், இன்வெர்ட்டருக்குத் தனி லைன், மொட்டைமாடியில் சோலார், வாசலில் காமிரா. நெட்வொர்க் பைப் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப வைஃபை தானே சார்" என்கிறார் எலக்ட்ரீஷியன், நாமும் ஆமாம் என்கிறோம். அமீரகத்துக் கட்டட முதலாளி வாடகை வீட்டுக்குச் செய்ததை நாம் சொந்த வீட்டுக்குச் செய்வதில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் மேல்மாடி கான்கிரீட் தளமும் அங்கேயும் சிக்னலைக் குடிக்கும். ஃபைபர் இப்போது அந்த ஊர்களின் தெருக்களுக்கும் வந்துவிட்டது.

சுவரில் காடி வெட்டும்போதே ரூமுக்கு ஒரு பைப் கூடுதலாகப் பதிக்க ஆகும் செலவு, அதே சுவரைப் பெயின்ட் அடித்த பிறகு உடைத்துப் பதிக்க ஆகும் செலவில் சிறு பகுதிதான். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்க விடாதீர்கள், தனிப் பைப் வேண்டும். எல்லாப் பைப்பும் ஃபைபர் வந்து நுழையும் ஒரே இடத்தில் சேர வேண்டும். அங்கே ஒரு கரண்ட் பாயிண்ட் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் கேட் 6 செம்புக் கேபிள் ஒன்று. செம்பு பூசிய அலுமினியத்தை மலிவு என்று தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். மாடிக் கூரையில் வைஃபை டப்பா வைக்க ஒரு பாயிண்ட்டும், காமிரா வரும் இடங்களில் ஒவ்வொன்றும் விட்டுவைக்கலாம். பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் இதை எலக்ட்ரீஷியனிடம் வாய்ஸ் மெசேஜில் சொல்லாமல், பிளான் தாளில் சிவப்பு மையில் குறித்து அனுப்புங்கள். கூடவே, பைப் பதித்த சுவரைச் சிமெண்டு பூசி மூடும் முன் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.